அடங்கலில் ஏறாத கம்ப்யூட்டர்கள்

கும்பகோணம் டி.எஸ்.ஆர். பெரிய தெருவில் தலைமையகம் வைத்திருக்கிறது சிட்டி யூனியன் வங்கி. 1904-இல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் தொடங்கியது. 2018 பிப்ரவரி 7 அன்று அந்த வங்கியில் அன்றாடம் நடக்கும் ஒரு வேலை நடந்தது. வெளிநாட்டு வங்கிகளில் தாங்கள் வைத்திருக்கும் கணக்குகளில் முந்தைய நாள் என்னென்ன வரவு, என்னென்ன பற்று என்று அந்த வங்கிகள் அனுப்பும் விவரத்தை ஒரு பக்கம் வைத்து, தங்கள் சொந்தப் பேரேட்டை மறுபக்கம் வைத்து, வரிக்கு வரி ஒத்துப்பார்க்கும் வேலை. வங்கிக்காரர்கள் ரீகன்சிலியேஷன் என்பார்கள். கொட்டாவி வரவைக்கும் காரியம்தான். அன்று கொட்டாவிக்கு இடமில்லாமல் மூன்று வரிகள் மிஞ்சின.

5 லட்சம் டாலர் நியூயார்க் வழியாகத் துபாய்க்குப் போயிருந்தது. 3 லட்சம் யூரோ பிராங்பர்ட் வழியாகத் துருக்கிக்கு. 10 லட்சம் டாலர் மறுபடி நியூயார்க் வழியாகச் சீனாவுக்கு. மூன்றுக்கும் உத்தரவு, வங்கிகள் உலகம் முழுக்கப் பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வலையமைப்பின் வழியே, சிட்டி யூனியன் வங்கியின் பெயரிலேயே போயிருந்தது. வங்கியில் யாரும் அனுப்பவில்லை. துபாய்க்குப் போன தொகை வழியிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது.

ஸ்விஃப்ட் வழியே ஒரு செய்தி போனால் அதற்கான ஒப்புகை ஒரு பிரிண்டரில் தானாக அச்சாகும். அந்தத் தாளைப் பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். ஆனால் புகுந்தவர்கள் முதலில் அந்தப் பிரிண்டரைத்தான் முடக்கியிருந்தார்கள் என்று வங்கியின் நிர்வாக இயக்குநர் என். காமகோடி அப்போது சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கியிலிருந்து 8.1 கோடி டாலர் திருடுபோனபோதும் பிரிண்டர் இதே போலத்தான் ஊமையாகிக் கிடந்தது.

அந்தக் கும்பகோணத் திருட்டு அப்டேட் போடாத கம்ப்யூட்டரால் நடந்தது என்று சொல்ல வரவில்லை. அது கண்டுபிடிக்கப்பட்ட விதத்துக்காகவே இங்கே எடுத்துக்கொண்டேன். எச்சரிக்க வேண்டிய கருவி மௌனமாக இருந்தது. உண்மையைச் சொன்னது, வேறு ஊரில் வேறு யாரோ வேறு காரணத்துக்காக எழுதி வைத்த இன்னொரு கணக்கு. ஒரு பட்டியலில் விடுபட்டதை அதே பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவர்கள் தினமும் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

ஐம்பது கம்ப்யூட்டருக்கு மேல் உள்ள எந்த இடத்திலும், அது கல்லூரியோ ஆஸ்பத்திரியோ கலெக்டர் ஆபீஸோ, ஒவ்வொன்றின் முன்பும் போய் உட்கார்ந்து அப்டேட் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதற்கென்று ஒரு சர்வர் இருக்கும். மைக்ரோசாஃப்ட் தரும் அப்டேட்டுகளை அந்த சர்வர் மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளும். எதை யாருக்குப் போடலாம் என்று சிஸ்டம் அட்மின் ஒப்புதல் கொடுத்ததும் மற்ற கம்ப்யூட்டர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். டபிள்யு.எஸ்.யு.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் மைக்ரோசாஃப்டின் மென்பொருள் 2005 முதல் இதைச் செய்துவருகிறது. திரையில் பச்சை வட்டம் ஒன்று தெரியும். 97 சதவீதம் அப்டேட் ஆகிவிட்டது, 3 சதவீதம் பாக்கி. மேலதிகாரிக்குப் போகும் மாத அறிக்கையில் ஏறுவது இந்த எண்தான்.

எதில் 97 சதவீதம் என்று மேலதிகாரி கேட்பதில்லை. சர்வர் எழுந்து போய் யாரையும் தேடாது. கம்ப்யூட்டர்கள்தான் அதனிடம் வரவேண்டும். வழக்கமான அமைப்பில், சுமார் 22 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் சர்வரைத் தொடர்புகொண்டு, நான் இன்னார், என்னிடம் இவை இருக்கின்றன, புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்கும். அப்படி ஒருமுறையாவது வந்து கேட்டதுதான் பட்டியலில் ஏறும். ஒருமுறைகூட வராத கம்ப்யூட்டர் அந்த 3 சதவீதப் பாக்கியில்கூட வராது. சர்வரைப் பொறுத்தவரை அது பிறக்கவே இல்லை.

அப்படி ஒன்றிரண்டு விடுபட்டால் என்ன குடி முழுகிவிடும்? 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை வெளியிட்டது. 59 நாள் கழித்து, மே 12 அன்று, அதே ஓட்டை வழியே வானாக்ரை என்ற நிரல் உலகைச் சுற்றியது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பூட்டப்பட்டு, திறக்கப் பணம் கேட்டுத் திரை சிவந்தது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. சென்னைக்குப் பக்கத்தில் ரெனோ–நிசான் கார் ஆலை பாதிக்கப்பட்டது. வயநாட்டில் தரியோடு கிராமப் பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்கள் வரை அது வந்தது. இந்த நிரலுக்கு யாரும் மின்னஞ்சலைத் திறக்க வேண்டிய தேவைகூட இல்லை. ஒரு வளாகத்துக்குள் அப்டேட் ஆகாத ஒரே ஒரு கம்ப்யூட்டரைப் பிடித்துவிட்டால், அங்கிருந்து பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு கதவையும் தானே தட்டிப் பார்த்தது. நூறில் தொண்ணூற்றேழு கதவு பூட்டியிருந்தாலும் அதற்குப் பொறுமை போகாது.

கம்ப்யூட்டர்கள் பட்டியலிலிருந்து நழுவும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, ஆள்மாறாட்டம்போல நடக்கும் ஒன்று. திருச்சி சாலையிலோ வல்லம் பக்கமோ உள்ள ஏதோவொரு பொறியியல் கல்லூரியின் லேப் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக 60 கம்ப்யூட்டர்கள் வந்து இறங்குகின்றன. லேப் உதவியாளர் ஒன்றில் மட்டும் விண்டோஸ், ஆட்டோகேட், பைத்தான், தமிழ் எழுத்துரு எல்லாம் பக்குவமாகப் போட்டு முடிப்பார். பிறகு அந்த டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து மற்ற 59-இலும் ஊற்றிவிடுவார். ஒரே நாளில் வேலை முடிந்தது, சாமர்த்தியம்தான். ஆனால் அப்டேட் சர்வரிடம் போகும்போது ஒவ்வொரு கம்ப்யூட்டரும் காட்டவேண்டிய அடையாள எண் ஒன்று விண்டோஸின் பதிவேட்டுக்குள் இருக்கிறது. நகலெடுக்கும் முன் அதை அழிக்க மறந்துவிட்டால், 60 கம்ப்யூட்டருக்கும் ஒரே எண்.

இப்போது சர்வரின் திரையைப் பாருங்கள். காலையில் லேப்–07 என்று ஒரு வரி இருக்கிறது. மதியம் அந்த வரியில் லேப்–31. மாலையில் லேப்–12. ஒவ்வொன்றும் வந்து தன் பெயரைச் சொல்ல, சர்வர் பழைய பெயரை அழித்துவிட்டுப் புதுப் பெயரை எழுதிக்கொள்கிறது. அறுபது பேர் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். கணக்கில் வருவது ஒரு நாற்காலி. அட்மின் அந்தப் பக்கத்தை எப்போது திறந்தாலும் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். இரண்டு வெவ்வேறு நேரங்களில் திறந்து, பெயர் மாறியிருப்பதைக் கவனித்தால்தான் பொறி தட்டும். பின்னாளில் வந்த விண்டோஸ் பதிப்புகள், உள்ளிருக்கும் வன்பொருள் மாறியிருப்பதைப் பார்த்துத் தாமே புது எண் போட்டுக்கொள்ளப் பார்க்கின்றன. இருந்தாலும் நகல் எடுப்பவர்கள் இந்த எண்ணை முதலில் அழிப்பது இன்றைக்கும் நல்ல பழக்கம்.

மற்ற காரணங்களெல்லாம் இத்தனை நூதனமானவை இல்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பூட்டும் அலுவலகத்தில், நள்ளிரவுக்கென்று திட்டமிட்ட அப்டேட் யாருக்குப் போய்ச் சேரும்? ஏதோ ஒரு திட்ட நிதியில் வாங்கி, விற்றவரே வந்து இணைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் உண்டு. விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவி, சிசிடிவி பெட்டி, எக்ஸ்ரே அறையில் எந்திரத்தோடு ஒட்டியே வந்த கம்ப்யூட்டர் இவையெல்லாம் பெயரில் கருவிகள், உள்ளே கம்ப்யூட்டர்கள். டெல்டாவின் நவீன அரிசி ஆலைகளில் எடைமேடைக்குப் பக்கத்து அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். கறுப்பு அரிசியைக் கேமரா கண்ணால் பார்த்துக் காற்றடித்துத் தள்ளும் கலர் சார்ட்டருக்குள்ளும் ஒன்று இருக்கும். அதைக் கம்ப்யூட்டர் என்று யாரும் எண்ணுவதே இல்லை.

சரி, இல்லாததை எப்படித் தேடுவது?

நிலக் கணக்கு தெரிந்த தஞ்சைக்காரர்களுக்கு இதில் புதுமை இருக்காது. சிட்டாவைப் பார்த்தால் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். அடங்கல் வேறு காரியத்துக்காக எழுதப்படுவது. அந்தப் புல எண்ணில் இந்தப் போகம் என்ன பயிர் நிற்கிறது, யார் சாகுபடி செய்கிறார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கிராம நிர்வாக அலுவலர் வயலைப் பார்த்து எழுதவேண்டிய கணக்கு. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில். இரண்டையும் அருகருகே வைத்தால்தான் உரிமையாளர் சென்னையில் இருப்பதும், வாய்ப் பேச்சுக் குத்தகையில் உழுபவர் எந்தக் காகிதத்திலும் இல்லாததும் வெளியே வரும். அப்டேட் சர்வரின் பட்டியல் சிட்டா மாதிரி. நெட்வொர்க்குக்கு ஓர் அடங்கல் வேண்டும்.

அது ஏற்கெனவே எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது, வேறு வேலைக்காக. ஒரே வளாக நெட்வொர்க்கில் இரண்டு கருவிகள் பேசிக்கொள்ள ஐபி முகவரி மட்டும் போதாது. ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்படும் 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி தெரியவேண்டும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறைக்கு ஏ.ஆர்.பி. என்று பெயர். டேவிட் பிளம்மர் என்பவர் 1982 நவம்பரில் அதன் விதியை எழுதினார். இன்றுவரை மாறவில்லை. 10.20.4.57 யார் என்று ஒரு கருவி உரக்கக் கேட்கும். அந்த வட்டாரத்தில் இருக்கும் எல்லோர் காதிலும் அது விழும். அந்த முகவரிக்காரர் மட்டும், நான்தான், என் மேக் முகவரி இது என்று பதில் சொல்வார்.

இதன் அழகு, பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது என்பதில் இருக்கிறது. இருக்கிறாயா என்று கேட்கும் சாதாரண பிங் செய்திகளை விண்டோஸின் ஃபயர்வால் பல நேரம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பிங் அடித்துப் பதில் வராததால் கம்ப்யூட்டர் இல்லை என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். ஆனால் ஏ.ஆர்.பி. கேள்விக்கும் வாயை மூடிக்கொண்டால் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு பிரிண்டரைக்கூடத் தொடர்புகொள்ள முடியாது. நெட்வொர்க்கில் வேலை செய்யவேண்டுமென்றால் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். ரூட்டர் இந்தப் பதில்களையெல்லாம் தன் வசதிக்காகச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். அந்தச் சிறு குறிப்பேட்டைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நகலெடுத்துச் சேர்த்துக்கொண்டே வந்தால், ஒரு வாரத்தில் வளாகத்தில் மூச்சுவிட்ட ஒவ்வொரு கருவியும் அதில் வந்து விழுந்திருக்கும்.

அந்த வரிகள் வெறும் எண்களும் இல்லை. மேக் முகவரியின் முதல் பாதி, அதாவது 24 பிட், தயாரிப்பாளருக்கு ஒதுக்கப்பட்டது. டெல்லா, ஹெச்பியா, சிசிடிவி செய்யும் சீன நிறுவனமா என்று அதைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். (கைபேசிகள் இதில் சேர்த்தி இல்லை. அண்மைக் கால ஆண்ட்ராய்டும் ஐபோனும் தொடர்ந்து கண்காணிக்கப்படாமலிருக்க வைஃபைக்கு வைஃபை பொய் முகவரி காட்டுகின்றன. நல்ல காரியம்தான், அட்மினுக்குத் தலைவலி.) அனுப்பும் பாக்கெட்டின் ஆயுள் எண் எத்தனையில் தொடங்குகிறது என்று பார்த்தால் இன்னொரு துப்பு கிடைக்கும். விண்டோஸ் 128-இல் தொடங்கும், லினக்ஸ் 64-இல். இப்படிப்பட்ட சின்னச் சின்ன நடைகளை வைத்தே உள்ளே எந்த இயங்குதளம் ஓடுகிறது என்று ஊகிக்கும் என்மேப் என்ற மென்பொருளை, கோர்டன் லியான் 1997-இல் வெளியிட்டார்.

பெயர் தெரியாத ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. அது எந்த அறையில்? நெட்வொர்க் சுவிட்ச் எந்த மேக் முகவரி தன் எந்தத் துளை வழியே வந்தது என்று ஒரு கணக்கு வைத்திருக்கும். துளை எண் 14 என்று வந்தால், கேபிளைப் பிடித்துக்கொண்டே நடக்கவேண்டியதுதான். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் காணாமல்போன ஒரு சர்வரை இப்படிக் கேபிளைப் பிடித்துக்கொண்டே தேடிப் போனவர்கள் ஒரு சுவரில் போய் நின்றார்கள் என்று 2001 ஏப்ரலில் செய்தி வந்தது. கட்டட வேலைக்காரர்கள் அதை உள்ளே வைத்துச் சுவர் எழுப்பிவிட்டிருந்தார்களாம். நான்கு ஆண்டுகளாக அது உள்ளிருந்தபடியே குறையில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

கேபிள் குழம்பிக் கிடந்தால் கடைசி வழி ஒன்று இருக்கிறது. அந்தத் துளையை அணைத்துவிட்டு, போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருப்பது. யார் கத்துகிறார்களோ அவர்களுடையது. உலகம் முழுக்க அட்மின்கள் செய்வதுதான். ஆஸ்பத்திரியில் மட்டும் வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு பட்டியலில் இல்லாததை இன்னொரு பட்டியலில் பிடிப்பது. இரண்டிலும் இல்லாததை என்ன செய்ய? அப்படி எத்தனை இருக்கிறது என்று ஒன்றைக்கூடப் பார்க்காமலே கணக்கிடலாம் என்றால் முதலில் நம்பத் தோன்றாது.

ஒரு வளாகத்தில் அப்டேட் சர்வர் பட்டியலில் 180 கம்ப்யூட்டர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஏ.ஆர்.பி. குறிப்பேட்டிலிருந்து எடுத்த பட்டியலில் 200. இரண்டிலும் இருப்பவை 150. ஏ.ஆர்.பி. பிடித்த 200-இல் 150-ஐத்தான் சர்வர் அறிந்திருக்கிறது, அதாவது முக்கால் பங்கு. சர்வரின் கண்ணில் படும் விகிதம் பொதுவாகவே முக்கால் என்றால், அதனிடம் உள்ள 180 மொத்தத்தில் முக்கால்வாசி. மொத்தம் 240. இரண்டு பட்டியலையும் சேர்த்தால் நமக்குத் தெரிந்தவை 230. ஆக, எந்தப் பட்டியலிலும் இல்லாத பத்து கம்ப்யூட்டர்கள் எங்கேயோ இருக்கின்றன.

குளத்து மீன்களையும் கோடியக்கரைக்கு வரும் பறவைகள் போன்றவற்றையும் எண்ண விலங்கியலார் இதைப் பயன்படுத்துவார்கள். பிடித்து அடையாளமிட்டு விட்டுவிட்டு, மறுபடி பிடிக்கும்போது எத்தனையில் அடையாளம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஆனால் மனிதர்களின் பட்டியல்களுக்கு இதைச் செம்மையாகப் பொருத்தியதில் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூர் சுகாதார மையப் பகுதியில் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் ஒரு பட்டியல் இருந்தது. வீடு வீடாகப் போய்க் கேட்டவர்களிடம் இன்னொன்று. இரண்டுமே ஓட்டை. இரண்டையும் ஒத்துப்பார்த்து, இரண்டிலுமே விடுபட்ட பிறப்புகள் எத்தனை என்று கணக்கிடும் முறையைச் சந்திரசேகரன் என்ற இந்திய மக்கள்தொகையியலாளரும், பின்னாளில் ஜப்பானியத் தொழிற்சாலைகளின் தர குருவாகக் கொண்டாடப்பட்ட எட்வர்ட்ஸ் டெமிங்கும் சேர்ந்து 1949-இல் வெளியிட்டார்கள்.

அவர்கள் கொடுத்த எச்சரிக்கை கம்ப்யூட்டர்களுக்கும் அப்படியே பொருந்தும். இந்தக் கணக்கு சரியாக வர, இரண்டு பட்டியலும் ஒன்றை ஒன்று சாராமல் இருக்கவேண்டும். பதிவாளர் தவறவிடும் குடும்பத்தையே வீடு தேடிப் போனவரும் தவறவிட்டால் விடை குறைவாக வரும். மாதக்கணக்கில் அணைத்தே கிடக்கும் ஸ்டோர் ரூம் கம்ப்யூட்டர் சர்வருக்கும் தெரியாது, ஏ.ஆர்.பி.க்கும் தெரியாது. ஆகவே பத்து என்று வந்தால் குறைந்தது பத்து என்றே கொள்ளவேண்டும். இந்தப் பிசகைக் குறைக்க, மொத்தமாகக் கணக்கிடாமல் ஒத்த தன்மையுள்ள சிறு கூட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுங்கள் என்றார்கள். நம் கதையில் லேப் தனியாக, அலுவலகம் தனியாக, ஆசிரியர் மேஜைகள் தனியாக.

பட்டியல் தேய்ந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு, பணக்கார நிறுவனம் ஒன்றின் கதையைச் சொல்லலாம். அமெரிக்கர்களின் கடன் வரலாற்றைச் சேர்த்து வைத்திருக்கும் ஈக்விஃபாக்ஸ். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டை இருப்பதாக 2017 மார்ச்சில் அறிவிப்பு வந்ததும், 48 மணி நேரத்துக்குள் அடையுங்கள் என்று அங்கே சுற்றறிக்கை போனது. யாருக்கு அனுப்புவது என்ற முகவரிப் பட்டியலே பழையது. செய்யவேண்டியவருக்கு அது போய்ச் சேரவில்லை. ஒரு வாரத்துக்குள் ஸ்கேனர் விட்டுத் தேடினார்கள். அது மேல் அடுக்கை மட்டும் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றது. ஓட்டை இருந்தது உள் அடுக்கில். வெளியே போகும் தரவைக் கண்காணிக்க ஒரு கருவி இருந்தது. அதன் சான்றிதழ் காலாவதியாகி மாதக்கணக்கில் குருடாகக் கிடந்தது. ஜூலை 29 அன்று அந்தச் சான்றிதழைப் புதுப்பித்தவுடனேயே திருட்டு கண்ணில் பட்டுவிட்டது. அதற்குள் ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் போயிருந்தன. பின்னர் அமெரிக்க செனட் குழு விசாரித்தபோது, தன்னிடம் என்னென்ன கணினிகள், மென்பொருள்கள் உள்ளன என்ற முழுமையான பட்டியலே அந்த நிறுவனத்திடம் இல்லை என்று எழுதியது.

நம் பட்டியல் சரியாக இருந்தும் பக்கத்து வீட்டுக்காரரால் கெடுவதும் உண்டு. 2024 ஜூலை 31 அன்று நாடு முழுவதும் சுமார் 300 சிறு வங்கிகள், பெரும்பாலும் கூட்டுறவு வங்கிகளும் மண்டல கிராம வங்கிகளும், யுபிஐ வலையமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டன. அவற்றுக்குத் தொழில்நுட்பச் சேவை தந்த சி–எட்ஜ் நிறுவனத்தில் ரான்சம்வேர் புகுந்திருந்தது. அது சி–எட்ஜுடன் தொடர்புள்ள இன்னொரு நிறுவனத்தில் ஜென்கின்ஸ் என்ற மென்பொருள் ஓடிய சர்வர் வழியே வந்ததாக கிளவுட்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. அந்த வங்கிகள் எதன் பட்டியலிலும் அந்த சர்வர் இருந்திருக்க வழியில்லை.

பட்டியலில் இருப்பதாலேயே எல்லாம் சுபம் என்றும் சொல்லமாட்டேன். 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பழுதான ஓர் அப்டேட், ஒழுங்காகப் பட்டியலில் இருந்து ஒழுங்காக வாங்கிக்கொண்ட 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத் திரையோடு நிறுத்தியது. பட்டியலில் இல்லாதவை அன்று சிரித்திருக்கும். 2025 அக்டோபரில் டபிள்யு.எஸ்.யு.எஸ். சர்வரிலேயே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஓர் அப்டேட் விட்டது. அதே அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. பட்டியலில் பத்திரமாக இருந்தும், கூடுதல் ஆதரவுக்குப் பதிவு செய்யாவிட்டால், அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு இனி வர ஒன்றுமில்லை.

நல்ல பட்டியல் எப்படி இருக்கவேண்டும் என்று பார்க்கத் தஞ்சைக்காரர்கள் பெரிய கோயிலுக்குப் போனால் போதும். இராஜராஜன் காலக் கல்வெட்டு ஒன்று, பல கோயில்களிலிருந்து கொண்டுவந்து தஞ்சையில் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களை ஒவ்வொருவராகப் பதிவு செய்திருக்கிறது. பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று எல்லாம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் நெல். அந்தக் கல்லில் நான் மெச்சுவது இதற்கு அடுத்து வருவதை. ஒருவர் இறந்துவிட்டாலோ ஊரைவிட்டுப் போய்விட்டாலோ, அடுத்த உறவுமுறைக்காரர் தகுதியுள்ளவராக இருந்தால் அவர் அந்த இடத்துக்கு வரவேண்டும், தகுதி இல்லையென்றால் வேறொருவரைத் தேர்ந்து வைக்கவேண்டும் என்ற ஏற்பாடும் அதிலேயே இருக்கிறது. ஆள் யார், எங்கே, போனால் அந்த வரி என்ன ஆகும் என்ற மூன்று கேள்விக்கும் பதில் உண்டு. இன்று பல அலுவலகங்களின் ஸ்டாக் ரிஜிஸ்டரில் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் இருக்கும்.

ரிசர்வ் வங்கி 2016 ஜூன் 2 அன்று வணிக வங்கிகளுக்கு அனுப்பிய சைபர் பாதுகாப்புச் சுற்றறிக்கையின் இணைப்பில் அடிப்படைக் கட்டுப்பாடுகள் வரிசையாக எண் போட்டுத் தரப்பட்டுள்ளன. அப்டேட் போடுவது அதில் ஏழாவது. கணினிகளையும் மற்ற சாதனங்களையும் கணக்கெடுத்து வைப்பது முதலாவது. வரிசை சரி என்றே நினைக்கிறேன்.

நீங்கள் கூட்டுறவு சங்கத்திலோ பள்ளிக் குழுவிலோ பொறுப்பில் இருந்தால், எத்தனை சதவீதம் அப்டேட் ஆனது என்று கேட்பதை விட்டுவிட்டு, அப்டேட் சர்வரின் பட்டியல், ரூட்டரின் பட்டியல், ஸ்டாக் ரிஜிஸ்டர் மூன்றையும் ஒரே மேஜையில் வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. வைஃபை பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரௌசரில் அடித்து உள்ளே போனால், அதில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். ஒரு தாளில் எழுதி, எதிரே அது வீட்டில் யாருடையது என்று குறியுங்கள். டிவி, கேமரா, பேரனின் டேப்லெட் எல்லாம் எழுதி முடித்த பிறகும் ஆள் தெரியாத ஒரு வரி மிஞ்சினால், அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.